கூடி ஆராயும் பழக்கம்

சென்னை மாநகரின் மேற்கே, பாடியைக் கடந்து அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி என்று ரயில் பாதையை ஒட்டி நீண்டும், தெற்கே திருவேற்காடு, பூந்தமல்லி என்று வளைந்தும் கிடக்கிற பிரதேசம், ஏரியும் கழனியும் தோப்புமாக இருந்த தன் பழைய ரூபத்தைச் சென்ற அறுபது ஆண்டுகளில் பெரிதும் மாற்றிக்கொண்டு, இயந்திரத் தொழிலின் கேந்திரங்களுள் ஒன்றாக விளங்கி வருகிறது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. அவற்றைச் சுற்றி லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் அச்சுக் கூடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. மில்லிமீட்டரை நூறாகப் பகுத்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவரேனும் குடியிராத தெரு இன்று அங்கே அருமை என்றே சொல்லலாம்.

அத்தகைய பட்டறை ஒன்றில், துளையிட்டு வந்த ஓர் உருப்படியைச் சோதிப்பவர் என்ன செய்கிறார் என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். அவர் கையில் பேனா அளவில் ஓர் எஃகுத் தண்டு இருக்கிறது. அதன் ஒரு முனைக்குக் ‘கோ’ என்றும், மறு முனைக்கு ‘நோ கோ’ என்றும் பெயர். முதல் முனை துளைக்குள் தடையின்றி இறங்க வேண்டும்; இரண்டாவது முனை இறங்கவே கூடாது. முதல் முனை நுழைந்ததைக் கண்டே திருப்தியடைந்து எந்தப் பரிசோதகரும் உருப்படியைத் தேர்ச்சிப் பெட்டியில் போட்டுவிடுவதில்லை. ஏனென்றால், அளவுக்கு மீறிப் பெரிதாகிப்போன துளையிலும் அந்த முனை இலேசாக நுழைந்துவிடும். ‘இது தவறாக இருக்குமானால் அது எப்படித் தெரியவரும்?’ என்ற கேள்விக்கு விடையாகவே இரண்டாவது முனை அமைந்திருக்கிறது. விஞ்ஞான முறை என்று நாம் பெரிய பெயரிட்டு வழங்குவதன் உயிர்நாடியும் அந்த இரண்டாவது முனைதான். தன் எண்ணத்துக்குச் சாதகமானவற்றைத் தேடித் திரட்டுவது மனித சுபாவம். பாதகமானது ஏதேனும் உண்டா என்று வலியத் தேடிப் பார்ப்பதோ பழகிப் பெற வேண்டிய ஒரு வித்தை.

இதே பரிசோதகர் தாம் வாங்கிய மனையில் போர் போட ஏற்பாடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வருவதற்கு முந்தின நாள், நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் வருகிறார். உள்ளங்கையை விரித்து, அதன்மேல் தேங்காய் ஒன்றைப் படுக்க வைத்துக்கொண்டு, மனையின் ஒரு மூலையிலிருந்து மெல்ல அடியெடுத்து வைக்கிறார். வீட்டுக்காரரும் மனைவியும் அண்டை அயலாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பின்தொடர்கிறார்கள். ஓரிடத்தில் தேங்காய் அசைகிறது. குடுமிப் பக்கம் சிறிது சிறிதாக எழும்பி, ஒரு கணத்தில் நட்டுக்குத்தலாக நின்றுவிடுகிறது. அவ்விடத்தில் ஒரு கல்லை வைத்து அடையாளம் செய்து, தட்சிணையையும் பெற்றுக்கொண்டு அவர் புறப்படுகிறார். கூடியிருந்தவர்களில் பகலெல்லாம் அளவுகோலும் கையுமாக உழைத்தவர்கள் பலர் இருந்தும், அந்தத் தேங்காய்க்கு இரண்டாவது முனை எது என்று கேட்டவர் ஒருவருமில்லை.

இதை அவர்களுடைய அறிவுக்குறை என்று சொல்லிவிடுவது எளிது; ஆனால் அது நியாயமன்று. பட்டறையில் பரிசோதகர் சந்தேகப்படும்போது அவரோடு சேர்ந்து சந்தேகப்படுவதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது. சந்தேகப்படுவது அங்கே உத்தியோகம், மரியாதைக்குரிய காரியம். தெருவிலோ அவர் தனி மனிதர். ‘இதைச் சோதித்துப் பார்க்கலாமா?’ என்று அவர் வாய் திறந்தால், பெரியவர்களை அவமதித்தவராகவும், நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசியவராகவும் எண்ணப்படுவார். ஆகவே பகுத்தறிவு என்பது தனி மனிதனின் மூளைக்குள் விளைகிற சரக்காக இருந்தபோதிலும், அது பழக்கமாக வேரூன்றுவதற்கு ஒரு சமூகம் வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையின் சாரம் இவ்வளவே.

பட்டறைக்குள் ஒரு சபை

இந்த வட்டாரத்துக்குக் கூடி ஆராயும் அம்முறை புதிதன்று. ஜப்பானில் கவொரு இஷிகாவா என்ற பேராசிரியரின் வழிகாட்டுதலில் 1962-இல் தொடங்கிய தரவட்ட முறை, 1980-இல் ஹைதராபாத்திலுள்ள பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தின் ஆலை வழியாக இந்தியாவுக்கு வந்து, பிறகு சென்னையின் மேற்குத் தொழிற்கூடங்களிலும் பரவிற்று. பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்று, அப்பரிசை அடைந்த முதல் இந்திய நிறுவனம் என்ற கீர்த்தியைத் தேடிக்கொண்டது.

தரவட்டம் என்பது ஒரே பகுதியில் வேலை செய்கிற சிலர், வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம்போலக் கூடி உட்கார்ந்து, தங்கள் வேலையிலுள்ள ஒரு குறையைத் தாங்களே ஆராய்வதாகும். காலை ஷிப்டில் மட்டும் துளைகள் அளவு தவறுகின்றன என்று கொள்வோம். மீன் முள்ளைப்போல ஒரு படத்தைப் பலகையில் வரைந்து, ஆள், இயந்திரம், மூலப்பொருள், செய்முறை என்று கிளை பிரித்து, காரணமாக இருக்கக்கூடியவற்றையெல்லாம் எழுதுகிறார்கள். ஒருவர் ஒரு காரணத்தைச் சொன்னால், ‘அது ஏன்?’ என்று அடுத்தவர் கேட்கிறார். அதற்கு வந்த விடைக்கும் ‘ஏன்’ பிறக்கிறது. இப்படி ஐந்து முறை தோண்டுவது அங்கே சம்பிரதாயம். பிறகு ஒரே ஒரு காரணத்தை மட்டும் மாற்றிப் பார்த்து, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கழிவு எவ்வளவு என்று எண்ணி எழுதுகிறார்கள். நேரம் சரியில்லை என்றோ, யாருடைய கண்ணோ பட்டுவிட்டது என்றோ ஒருவர் சொல்வாரானால் அவரை யாரும் கடிந்துகொள்வதில்லை. ஆனால் அந்தக் காரணத்தை எப்படி மாற்றிப் பார்ப்பது, எப்படி எண்ணுவது என்று கேட்கும்போது அது தானாகவே படத்திலிருந்து உதிர்ந்துவிடுகிறது.

கவனித்துப் பார்த்தால் இதில் மூன்று தர்மங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, கேட்பவரின் பதவியைப் பார்த்துக் கேள்வியின் மதிப்பு நிர்ணயிக்கப்படுவதில்லை. நேற்று வந்த அப்ரெண்டிஸ் பையன் கேட்ட கேள்விக்கும் போர்மேன் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, சொன்னவரைப் பரீட்சிக்காமல் சொல்லப்பட்டதைப் பரீட்சிக்கிறார்கள். மூன்றாவது, முடிவு எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதப்படுகிறது. மறுமாதம் அது பொய்த்துப்போனால் அழித்து எழுதப்படுகிறது. தொழிற்சாலையின் வாயிலோடு இத்தர்மங்களை நிறுத்திவிட்டு வீடு திரும்ப வேண்டிய அவசியம் என்ன?

தேங்காய்க்கு ஒரு பரீட்சை

அந்த மூன்று தர்மங்களையும் நீரோட்டம் பார்க்கும் விஷயத்தில் பிரயோகித்துப் பார்ப்போம். முதலில், தேங்காய் அசைவது மெய்தான் என்பதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அதைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் வஞ்சகரும் அல்லர். நம் மனத்தில் ஓர் எதிர்பார்ப்பு எழுந்த மாத்திரத்தில், நமக்கே தெரியாதபடி தசைகள் மிக நுட்பமாக இயங்கிவிடுகின்றன என்பதை, பிரெஞ்சு ரசாயன நிபுணர் ஷெவ்ரூல், கையில் ஊசலைப் பிடித்துச் செய்த சோதனைகளைக் கொண்டு 1833-இலேயே எழுதியிருக்கிறார். 1852-இல் வில்லியம் கார்ப்பென்ட்டர் என்ற ஆங்கில வைத்தியர் அதற்கு ஒரு சாஸ்திரப் பெயரும் இட்டார். மறு ஆண்டு, ஆவிகள் மேஜையை நகர்த்துகின்றன என்ற பிரமை லண்டன் முழுவதையும் ஆட்டிவைத்தபோது, மைக்கேல் பாரடே அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மெழுகு போன்றதொரு பசையால் ஒட்டி, மேஜைக்கும் கைகளுக்கும் இடையே வைத்துப் பார்த்தார். மேஜை நகர்வதற்கு முன்பே கைகள் நகர்ந்திருப்பதை அட்டைகள் காட்டிக்கொடுத்தன. தங்கள் கையின் அசைவைக் காட்டும் முள்ளைத் தாங்களே பார்க்கும்படி வைத்ததும், சுற்றி அமர்ந்திருந்தவர்களின் மேஜை அசையாமல் நின்றுவிட்டது. அவர்கள் பொய்யர்களல்லர், தங்கள் கைகள் செய்த காரியத்தை அறியாதவர்கள்.

இனி, தேங்காய் நின்ற இடத்தில் தண்ணீர் வந்ததே என்பார்கள். வந்திருக்கும். கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு என்று ஏரிகள் தொடர்ந்து கிடக்கும் ஒரு பூமியில், தேங்காய் படுத்தே இருந்த இடத்தில் தோண்டியிருந்தாலும் ஏதோ ஓர் ஆழத்தில் தண்ணீர் கிடைத்திருக்க எவ்வளவு சாத்தியம் என்பதை அறியாமல், வெற்றியைத் தேங்காயின் கணக்கில் எழுதுவது சரியான கணக்காகாது. தண்ணீர் வராவிட்டாலோ, இன்னும் ஐம்பது அடி இறக்கியிருக்க வேண்டும் என்றோ, தீட்டுப் பட்டுவிட்டது என்றோ ஒரு சமாதானம் ஆயத்தமாக இருக்கிறது. வெற்றியெல்லாம் தேங்காயைச் சேரும், தோல்வியெல்லாம் வேறொன்றைச் சேரும் என்றால், அங்கே ‘நோ கோ’ முனை கிடையாது என்பதே பொருள்.

அதை உண்டாக்கிக்கொள்வது கடினமன்று. ஒரு மைதானத்தில் நீரோட்டம் பார்ப்பவரை நடக்கச் சொல்லி, அவர் காட்டும் இடங்களைத் தரையில் குறிக்காமல் காகிதத்தில் அளந்து குறித்துக்கொள்ளலாம். பிறகு கண்ணைக் கட்டி, வேறு வேறு திசைகளிலிருந்து அவரையே மீண்டும் நடத்திப் பார்க்கலாம். பூமிக்கடியில் ஓடுகிற நீர் இடம் மாறாதாகையால் தேங்காயும் அதே இடங்களில் நிற்க வேண்டும். இன்னொரு நிபுணரை வரவழைத்து, முதல்வரின் முடிவை அவருக்குத் தெரிவிக்காமல் சோதிக்கலாம். ஜெர்மனியில் மியூனிக் நகருக்கருகே 1987, 88-ஆம் ஆண்டுகளில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நடந்தபடி அது எங்கே இருக்கிறதென்று சொல்லச் செய்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 43 பேர் 843 முறை முயன்றார்கள். மிகச் சிலருக்கு அபூர்வ சக்தி இருப்பதாகவே சோதனையை நடத்தியவர்கள் முதலில் முடிவு கட்டினார்கள். பின்னர் ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே எண்களை மறுபடி எடுத்து ஆராய்ந்து, குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அவை மேலானவையல்ல என்று காட்டினார். முதல் முடிவைச் சொன்னவர்கள் தங்கள் எண்களை ஒளிக்காமல் வெளியிட்டதனால்தான் இரண்டாவது முடிவு சாத்தியமாயிற்று என்பதை மறக்கலாகாது.

சென்னையின் பழைய சங்கங்கள்

கூடி ஆராயும் இப்பழக்கத்தை மேல்நாட்டுச் சரக்கு என்று தள்ளுவோரும் உண்டு. ஆனால், பல சமயத்தாரும் தத்தம் கொள்கைக்குப் பிரமாணம் காட்ட, அவற்றையெல்லாம் ஓர் இளம்பெண் கேட்டுத் தெளிவதாக ஒரு காதையையே மணிமேகலை நமக்குத் தருகிறது. எவையெவை பிரமாணம் என்ற கணக்கும், தர்க்கத்தில் நேரும் குற்றங்களின் வகைகளும் அக்காப்பியத்தில் விரிவாக வருகின்றன. நவீன காலத்துக்கு வந்தால், சென்னை லௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தி, சோதிடத்தையும் அற்புதங்களையும் சாதி ஆசாரங்களையும் விசாரணைக்குக் கொண்டுவந்தார்கள். 1925-இல் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய பெரியார், பகுத்தறிவைப் படித்தவர்களின் மேடையிலிருந்து இறக்கிச் சந்தைத் திடலுக்குக் கொண்டுசென்றார். அவ்விதழிலே பிரபஞ்சத்தின் தோற்றத்தைப் பற்றியும் உயிர்களின் பரிணாமத்தைப் பற்றியும் பேய் பிசாசுகளைப் பற்றியும் விஞ்ஞானக் கட்டுரைகளை எழுதியவர் சென்னை சிங்காரவேலர்.

கடல் கடந்து இலங்கையில், கேரளத்தில் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் போதித்த ஆபிரகாம் கோவூர், ஓய்வு பெற்றபின் அந்நாட்டுப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகி, 1963-இல் ஒரு சவாலை வெளியிட்டார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வது முதலாக அவர் விதித்த காரியங்களில் ஏதேனும் ஒன்றை, ஏமாற்ற வழியில்லாத நிலையில் செய்து காட்டுகிறவர்க்கு ஒரு லட்சம் ரூபாய். 1978-இல் அவர் காலமாகும்வரை அப்பணத்தைப் பெற்றவர் எவருமில்லை. அவர் வழியில், கோவைக்கருகே போத்தனூரிலிருந்து பி. பிரேமானந்த் என்பவர், சாமியார்கள் செய்யும் ‘அற்புதங்களை’ ஊர் ஊராகச் செய்துகாட்டி, அவற்றின் சூட்சுமத்தைக் கூட்டத்துக்கு விளக்கிச் சொல்லிவந்தார்.

இவர்கள் எல்லோரும் மதித்தற்குரியவர்களே. எனினும், மேடையிலே ஒருவர் பேசி மற்றவர் கைதட்டிக் கலைகிற கூட்டத்தில், பேசியவரின் அறிவு கேட்டவரின் பழக்கமாக மாறுவதில்லை. அந்தக் குறையை நிரப்ப முயன்றவை மக்கள் விஞ்ஞான இயக்கங்கள். 1962-இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தோன்றிற்று. 1980-இல் சென்னையில், உயர்கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தை ஆரம்பித்தார்கள். அதே ஆண்டில்தான் நம் நீலகிரியிலுள்ள குன்னூரில் அறிஞர் சிலர் கூடி விஞ்ஞான மனப்பான்மை குறித்து விவாதித்தார்கள்; அதன் பயனாக எழுந்த அறிக்கை 1981-இல் வெளியாயிற்று. விஞ்ஞான மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் விசாரித்தறியும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. சட்டத்தில் எழுதப்பட்ட கடமையைத் தெருவில் எப்படி நிறைவேற்றுவது என்பதே அறிவியல் இயக்கத்தின் பிரச்சினையாக இருந்தது.

1987-ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நவம்பர் 7 வரை, நாட்டின் ஐந்து மூலைகளிலிருந்து கலைக்குழுக்கள் புறப்பட்டு, விஷவாயுவால் பாழ்பட்ட போபால் நகரில் சென்று கூடின. பாட்டும் வீதி நாடகமுமாக நடந்த அந்த யாத்திரை, தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றிலும் அறிவியல் இயக்கத்துக்கு ஆள் சேர்த்தது. சிறுவர்களுக்கென்று ‘துளிர்’ என்ற மாத இதழ் அவ்வாண்டிலேயே பிறந்து இன்றும் வந்துகொண்டிருக்கிறது. சிறுவர் குழு ஒன்று தன் ஊரிலுள்ள ஒரு பிரச்சினையைத் தானே அளந்து ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பிக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருகிறது. ஏரியில் கலக்கும் கழிவுநீரையோ, தெருக் குப்பையையோ ஒரு சிறுமி எண்ணி எழுதத் தொடங்கும்போது, எண்ணாமல் பேசுகிறவர்களிடம் அவளுக்கு ஒரு கேள்வி பிறந்துவிடுகிறது.

உலக்கை நின்ற கதை

இத்தகைய வேலைக்குக் கிரகண காலம் ஒரு நல்ல சந்தர்ப்பம். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி சூரிய கிரகணம் கோவை, திருச்சி முதலான ஊர்களில் கங்கண கிரகணமாகவும் சென்னைப் பக்கத்தில் பகுதிக் கிரகணமாகவும் தெரிந்தது. காலை 8 மணிக்குச் சற்றுப் பின் பிடித்து, 11 மணிக்கு மேல் விட்டது. அதற்குள் பல வீட்டு முற்றங்களில் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே உலக்கையை நிறுத்தி, அது விழாமல் நிற்பதைச் செல்பேசியில் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும் என்பது ஐதிகம்.

இதைப் பொய் என்று உரக்கச் சொல்வதனால் லாபமில்லை; உலக்கை கண்ணெதிரே நிற்கிறது. செய்யவேண்டியது ஒன்றே: கிரகணமில்லாத ஒரு நாளில் அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்திப் பார்ப்பது. பூண் போட்ட தட்டையான அடிப்புறம் தரையில் முழுவதும் படிந்து, உலக்கையின் கனம் அந்த வட்டத்துக்குள் விழுகிறவரையில், பொறுமையுள்ள எவரும் அதை எந்த நாளிலும் நிறுத்தலாம். கிரகணத்தன்று மட்டும் நிற்பதாகத் தோன்றியதற்குக் காரணம், மற்ற நாட்களில் யாரும் அதை நிறுத்த முயலவில்லை என்பதுதான். பக்கத்து வீட்டுப் பாட்டியே தம் கையால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் உலக்கையை நிறுத்திவிட்டாரானால், அதற்குமேல் ஒரு பிரசங்கம் தேவைப்படாது. தானே செய்து பார்த்ததை மனிதன் எளிதில் கைவிடுவதில்லை.

இதற்கு நேர் மாறாக, வானம் தரும் ஒரு மெய்யான விந்தையும் உண்டு. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் ஆண்டுக்கு இருமுறை சென்னையில் நண்பகலுக்குச் சற்றுப் பின், 12 மணி சில நிமிஷங்களுக்குச் சூரியன் நேர் உச்சியில் வருவதனால், செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. நாள் முன்கூட்டியே சொல்லப்படுகிறது, நேரமும் சொல்லப்படுகிறது, ஆவடியில் பார்த்தாலும் பூந்தமல்லியில் பார்த்தாலும், நம்புகிறவர் பார்த்தாலும் நம்பாதவர் பார்த்தாலும் அப்படியே நடக்கிறது. பள்ளி மைதானத்தில் சிறுவர்களைக் கூட்டி உலக்கையையும் இந்த நிழலையும் அடுத்தடுத்துச் சோதிக்கச் செய்தால், எது வானத்தின் காரியம், எது நம் கற்பனையின் காரியம் என்று பிரித்தறியும் பாடம் அவர்களுக்குத் தானே விளங்கிவிடும்.

கூட்டம் எல்லாம் சபை ஆகாது

சமூகமாகக் கூடினால் அறிவு பெருகும் என்று பொதுப்படச் சொல்லிவிடவும் முடியாது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் ஒரு மனிதரையும், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வத்தைக் கும்பிடச் சென்ற ஒரு முதியவளையும் ஊரார் திரண்டு அடித்துக் கொன்றார்கள். அங்கேயும் இருந்தது ஒரு சமூகம்தான். ‘இதை யார் பார்த்தது? எந்த ஊரில் எந்தப் பிள்ளை காணாமற் போயிற்று?’ என்று கேட்பதற்கு ஒரே ஒருவருக்கு இடமிருந்திருந்தால் அந்த உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும். கேள்வி கேட்பவனைத் துரோகியாக்காமல் இருப்பதே ஒரு கூட்டத்தைச் சபையாக்குகிற லட்சணம்.

சந்தேகம் என்ற பெயரில் வருவதெல்லாம் விவேகமாகிவிடாது என்பதையும் நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கெதிரான தடுப்பூசி தமிழ்நாடெங்கும் போடப்பட்டபோது, அது ஆபத்தானது என்ற செய்திகள் செல்பேசிக்குச் செல்பேசி தாவின. பெற்றோர் பலர் தயங்கியதனால் தடுப்பூசி இயக்கத்தின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெற்றோர் சர்க்காரைச் சந்தேகித்தார்கள். தங்களுக்கு வந்த செய்தியைச் சந்தேகிக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் சந்தேகிப்பது மற்றொரு பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்குச் சமானம். இரு தரப்பையும் ஒரே அளவுகோலால் அளப்பவரே மெய்யான ஐயவாதி. அவர் தம் சொந்த அபிப்பிராயத்தையும் அந்த அளவுகோலிலிருந்து விலக்கமாட்டார்.

இப்பாதை ஆபத்தற்றது என்றும் கருதவேண்டாம். மகாராஷ்டிரத்தில் 1989-இல் மூடநம்பிக்கை ஒழிப்புக் குழுவை நிறுவிய மருத்துவர் நரேந்திர தபோல்கர், 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி காலையில் புனே நகரில் நடக்கப் போனவிடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் விஞ்ஞான இயக்கங்கள் அந்நாளைத் தேசிய அறிவியல் மனப்பான்மை நாளாக 2018 முதல் அனுசரித்து வருகின்றன. தனி ஒருவரின் தைரியத்தை மட்டும் நம்பி நிற்கும் பகுத்தறிவு அவரோடு போய்விடும். பலருடைய பழக்கமாகிவிட்ட பகுத்தறிவைச் சுட்டு வீழ்த்த முடியாது.

தெருவில் தொடங்குவது எப்படி?

இதற்குப் பெரிய சங்கமோ கட்டடமோ வேண்டியதில்லை. குடியிருப்போர் நலச் சங்கம், நூலக வாசகர் வட்டம், மகளிர் சுய உதவிக் குழு, பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் கூட்டம் என்று ஏற்கனவே கூடிக்கொண்டிருப்பவர்கள், மாதத்துக்கு ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கினால் போதும். அந்த மாதம் தெருவில் அதிகம் பேசப்பட்ட ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளட்டும்: ஒரு மூலிகைச் சாறு, சர்க்கரை வியாதியைத் தீர்ப்பதாகச் சொல்லும் ஒரு விளம்பரம், ஆறு மாதத்தில் பணத்தை இரட்டிப்பதாகக் கூறும் ஒரு சீட்டு. ‘இதைச் சொன்னவர் யார்? அவருக்கு இதனால் என்ன ஆதாயம்? இது தவறாக இருந்தால் அது எப்படித் தெரியவரும்? அப்படி யாரேனும் பார்த்திருக்கிறார்களா?’ என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு, விடை கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் வெட்கமில்லை.

ஒரே ஒரு மரியாதை மட்டும் தவறலாகாது. திருவேற்காட்டு அம்மனுக்கு ஆடி மாதம் கூழ் வார்க்கும் தாய் ஒருத்தியின் பக்தியும், அம்மன் பெயரைச் சொல்லிப் புற்றுநோய்க்கு மருந்து விற்பவனின் கூற்றும் ஒன்றல்ல. முன்னது அவளுடைய மனத்தின் சொந்த விஷயம். பின்னது பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட, சோதித்துப் பார்க்கக்கூடிய, சோதித்தே தீரவேண்டிய ஒரு கூற்று. இந்த வேற்றுமையை மறந்து எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கேலி செய்கிறவர், தம்மோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கக்கூடிய அயலாரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். சபையில் ஒருவர் தோற்று மற்றொருவர் வெல்ல வேண்டியதில்லை. தவறான எண்ணம் ஒன்று தோற்றால் வந்தவர் அனைவருக்கும் வெற்றி.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழ்கிற சகோதர சகோதரிகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. அளந்து பார்க்கும் கருவியை உபயோகிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஏன் என்று ஐந்து முறை கேட்கப் பழகியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். இல்லாதது, அவர்கள் கூச்சமின்றிக் கேட்பதற்கு ஓர் இடம் மாத்திரமே. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை அண்டை வீட்டார் நால்வரை அழைத்து உட்காரவைத்து, அந்த இடத்தை உண்டாக்குங்கள். முதல் கேள்வியை உங்கள் வீட்டுப் பிள்ளையே கேட்கட்டும்.